குப்பைத் தாத்தாவைப் பெற்றவள்

ஞானஸ்நானப் பதிவேட்டில் ஈசாக்கு என்ற பேர் இரண்டாம் முறை வந்தபோது, அந்தக் காலத்து ஆள் தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டார் என்றுதான் ஜாஸ்மின் நினைத்தாள்.

மூன்றாம் முறையும் அதே பேர். அதே அப்பா வேதமுத்து, அதே அம்மா லேயாள். வருஷம் மட்டும் வேறு.

ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச் அலுவலகத்தில் மின்விசிறி சுற்றியதே தவிர காற்று வரவில்லை. நூற்றைம்பது வருஷத்துக் காகித வாசனை அவளுக்குக் குமட்டியது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அடக்கப் பதிவேட்டைப் புரட்டிய பிறகுதான் விளங்கியது. முதல் ஈசாக்கு செத்துப்போக, அந்தப் பேரை அடுத்த பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். அதுவும் தங்கவில்லை. மூன்றாவதுக்கும் அதே பேர், அதுவும் அதே மண்ணுக்கு.

இராஜபாளையம் கல்லறைத் தோட்டத்தில் ஜாஸ்மினுக்கும் இரண்டு சின்னஞ்சிறு கல்லறைகள் இருக்கின்றன.

அவளை இங்கே அனுப்பியது சாம்சன் பெரியமாமா, அவள் புருஷன் ஆல்வினுக்குப் பெரியப்பா. பேண்டேஜ் கம்பெனி முதலாளி. ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கூடுகை. வம்ச மரத்தை ஃப்ளெக்ஸில் அடித்து மண்டபச் சுவர் முழுக்க மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. பழைய பேர்களை எழுதிவர யாரை அனுப்பலாம் என்று பேச்சு வந்ததும், பிள்ளைகுட்டி இல்லாத ஜாஸ்மினுக்குத்தான் நேரம் கிடக்கும் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த ஆல்வின் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“செத்ததையெல்லாம் எழுதிட்டு வராதம்மா. வம்சத்தப் பெருக்குனவங்க பேரு மட்டும் போதும்.”

அவள் பஸ் ஏறப் போகும்போது பெரியமாமா சொல்லியனுப்பியது இது. அவருக்கு மரம் என்றால் காய்த்த காய்தான். உதிர்ந்த பூவையெல்லாம் அவர் குனிந்து பார்த்ததில்லை.

அந்த வீட்டில் எல்லாப் பெருமையும் குப்பைத் தாத்தாவிடமிருந்துதான் தொடங்கும். மாட்டுவண்டியில் பஞ்சுப் பொதி ஏற்றி வியாபாரத்தை ஆரம்பித்தவர். அவருடைய அப்பா வேதமுத்து, அம்மா மரியாள் என்று நண்டு சிண்டு கூடச் சொல்லும்.

லேயாள் என்று ஒருத்தி இருந்ததை யாரும் சொன்னதில்லை.

ஜாஸ்மின் அவளைத் தேடினாள். 1876 ஆகஸ்டில் அடக்கம். காரணம் என்ற இடத்தில், பிரசவம்.

அடுத்த பிப்ரவரியில் வேதமுத்துவுக்கும் மரியாளுக்கும் கல்யாணம்.

ஜூலையில் ஒரு ஞானஸ்நானம். பெற்றோர் வேதமுத்து, மரியாள். பிள்ளையின் பேர் குப்பை. வயது, பதினோரு மாதம்.

அந்த வரியில் வைத்த விரலை அவளால் எடுக்க முடியவில்லை. கல்யாணமாகி ஐந்தே மாதம். பிள்ளைக்குப் பதினொன்று.

பேரும் சாட்சி சொன்னது. தலைச்சன் பிள்ளைக்கு யார் குப்பை என்று பேர் வைப்பார்கள்? அடுத்தடுத்துப் பிள்ளை தங்காத வீட்டில்தான், பிறந்ததைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து அப்படிக் கூப்பிடுவார்கள். அழகான பேர் உள்ளதைத்தானே எமன் தேடி வருவான், குப்பையை அவன் என்ன செய்யப் போகிறான் என்று ஒரு நம்பிக்கை. கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த பிறகும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

மூன்று ஈசாக்குகளைப் பறிகொடுத்தவள் பெற்ற நாலாவது பிள்ளை அது. பிள்ளை தங்கிவிட்டது. அவள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் கொள்ளாமல் வந்து பிரியாணி சாப்பிடப் போகிற அத்தனை பேரும் லேயாள் வயிற்று வம்சம். அவளுக்குத்தான் மரத்தில் இடமில்லை.

ஜாஸ்மின் அழுதாள். கண்ணீர் பதிவேட்டில் விழுந்துவிடாமல் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிற மாரிசெல்விக்குச் செய்தி அனுப்பினாள். வேதமுத்து பக்கத்தில் லேயாள் என்று ஒரு பேர் சேர்க்க வேண்டும், குப்பைத் தாத்தாவைப் பெற்றவள் அவள்தான் என்று.

செத்த நேரத்தில் குரல் பதிவு ஒன்று வந்தது. மாரிசெல்வி கடைக்கு வெளியே வந்து, குரலைத் தாழ்த்திப் பேசியிருந்தாள்.

“அக்கா, பெரியவரு இங்கதான் நிக்காரு, அந்தப் பேரு வேண்டாங்காரு. ஆல்வின் அண்ணன் பேருக்குப் பக்கத்துலயும் காலியா விடச் சொல்லுதாரு, பொறவு வேற பேரு ஒட்டிக்கிடலாமாம். உங்க பேரு இருக்கேன்னு கேட்டேன்க்கா. அண்ணனும் கூடத்தான் நிக்காவ. ஒண்ணுமே சொல்லல.”

கடைசி வாக்கியத்தை மட்டும் ஜாஸ்மின் திரும்பவும் கேட்டாள்.

அவளிடம் ஒரு சேதி இருந்தது. சொன்னால் கண் பட்டுவிடும் என்று யாருக்கும் சொல்லாமல், தாய்க்கும் சொல்லாமல், இன்று ராத்திரி ஆல்வினிடம் மட்டும் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். இப்போது ஒரு போன் போட்டுச் சொன்னால் போதும். அந்த இடத்தில் அவள் பேர் திரும்ப ஏறிவிடும். பெரியமாமாவே முன்னால் நின்று ஏற்றச் சொல்வார்.

காலியாவே இருக்கட்டும் என்று மாரிசெல்விக்குப் பதில் அனுப்பினாள்.

பதிவேட்டை மூடி மேஜையில் வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். கதவருகே நின்று, சேலைக்கு மேலாக அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, யார் காதிலும் விழாதபடி மெல்லக் கூப்பிட்டாள்.

“குப்பை.”