முகம் திருப்பிய ஊர்

சந்தைச் சாலை சாக்கடைக்கு மூடி போட்டாயிற்று, லாரி நிறுத்தத்துக்குத் தெருவிளக்கு வந்தாயிற்று என்று நகராட்சி உறுப்பினர் அசுமா ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் கை தட்டியது.

ஒபிரியும் தட்டினார்.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. பெண்கள் அடுப்படி முக்காலியை வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒபிரியின் மகள் சேவா. அவள் பக்கத்தில், மாமியாராக வரப்போகிற கொன்னாடு.

வருகிற சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து முறைப்படி கதவு தட்டிப் பெண் கேட்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் பெண் வீட்டைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பார்கள். விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும். அப்பா மரவாடியில் இராக் காவல். பெண்டாட்டி போன பிறகு ஒண்டியாளாக மகளை ஆளாக்கிய மனுஷன்.

இனிமேல் இந்த ஊரில் எடுப்புக் கக்கூஸே கிடையாது என்றார் அசுமா. அடுத்த மாதத்தோடு எல்லாவற்றையும் இடிக்கிறோம், வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றும் கக்கூஸ்.

இதற்கு விழுந்த கைதட்டலில் மரத்திலிருந்த காக்கைகள் எழும்பிப் போயின.

ஒபிரியின் கை மட்டும் பாதியில் நின்றுபோனது.

மரவாடிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஊர் தூங்குகிற நேரத்தில், வீடுகளின் பின்சுவரில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து, வாளியை இழுத்து, தலையில் வைத்துக்கொண்டு போகிறவர் அவர்தான். கூட வேலை பார்த்தவர் போன மழைக்காலத்தில் செத்துப்போனார். மிச்சம் இவர் ஒருத்தர்.

வாளி எடுக்கிற ஆளை யாரும் பார்ப்பதில்லை. அது அந்த ஊர் வழக்கம். தப்பித் தவறி எதிரில் வந்துவிட்டால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். பேர் கேட்கமாட்டார்கள், பேச்சும் கொடுக்கமாட்டார்கள். எவனோ ஒருத்தன் கேலி பேசி, அவன் வாசலிலேயே வாளி கவிழ்ந்த கதை ஒன்று உண்டு. கவிழ்த்தது செத்துப்போனவர். ஒபிரிக்கு அந்தத் தைரியமெல்லாம் வராது.

கருக்கலில் வீட்டுக் கொல்லைக்கு வந்து சேர்வார். சேவா வெந்நீர் வைத்து, எலுமிச்சம்பழம் அரிந்து போட்டிருப்பாள். அவள் அம்மா இருந்த நாளிலிருந்து வருகிற பழக்கம் அது. தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்துவிட்டு, மகள் முன்னாலும் காவல்காரராகவே உள்ளே போவார்.

அசுமா இன்னும் முடிக்கவில்லை. வாளி எடுத்தவருக்கு நகராட்சிக் குப்பை வண்டியில் வேலை உண்டு என்றார். பகல் வேலை. காலுக்குப் பூட்ஸ், கைக்கு உறை. ஆனால் பக்கத்து ஊரில் சம்பந்தமே இல்லாத ஆட்கள் புகுந்து வேலையைப் பிடித்துக்கொண்டார்களாம். அதனால் ஆள் இப்போதே முன்னால் வந்து நிற்க வேண்டும். இவர்தான் என்று ஊர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மூஞ்சியவே பாத்ததில்ல, எப்படிய்யா அடையாளம் சொல்றது? வேணும்னா மூக்க வச்சு சொல்றோம்."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. கொன்னாடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒபிரியும் சிரித்துவைத்தார்.

சேவாவின் முதுகு மட்டும் அசையவில்லை.

பகல் வேலை. அந்த வார்த்தையை அவர் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சித்தாள் வேலைக்குப் போய்க் கேட்டாயிற்று, முழங்காலைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். இதை விட்டால் மகள் கையை எதிர்பார்த்துத்தான் சோறு. எழுந்து நின்றால் அந்த மகளுக்குக் கல்யாணமே நடக்குமோ நடக்காதோ.

யாரும் இல்லையென்றால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறோம் என்று அசுமா ஒலிபெருக்கியை இறக்கினார்.

ஒபிரி எழுந்தார்.

எழுந்ததே தெரியவில்லை அவருக்கு. கால் அது பாட்டுக்கு நடந்தது. சிரிப்பு அங்கங்கே அறுந்துபோனது. வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். முன்னால் போய் ஊரைப் பார்த்து நின்றார்.

அசுமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூட்டத்திடம் கேட்டார்.

"இவர்தானா? பாத்துச் சொல்லுங்க."



முதலில் முகத்தைத் திருப்பியது சேவா.

பெற்ற மகளே பார்க்கக் கூசிவிட்டாள் என்று நினைத்தார் ஒபிரி. உட்கார்ந்த இடத்திலேயே இருந்திருக்கலாம்.

கொன்னாடு அவரைப் பார்த்தாள். சேவாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு முக்காலியைச் சேவாவின் பக்கம் நகர்த்திப் போட்டு, தோளோடு தோள் ஒட்ட உட்கார்ந்து, அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்தடுத்து மற்றவர்கள். அந்த வரிசை, அதற்குப் பின் வரிசை. கேலி பேசியவன் வேப்பமரத்தைப் பார்த்து நின்றான். கடைசியில் எங்கே பார்த்தாலும் முதுகு. முகமாக இருந்தது அசுமா ஒருவர்தான்.

அவரும் ஒலிபெருக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்லப் பள்ளிச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

ஊர் அடையாளம் சொல்லியாயிற்று.

அத்தனை முதுகுக்கு முன்னால் ஒபிரி வெயிலில் தனியாக நின்றார். கையை மூக்கருகே கொண்டுபோனார். காலையில் குளித்த எலுமிச்சை வாசம் இன்னும் போகவில்லை.

மரவாடிக் காவல்காரனுக்கு எதற்கு எலுமிச்சை?

ஒருநாள்கூட சேவா கேட்டதில்லை.