காயும் வரை பேசக் கூடாது

"காயற வரைக்கும் ரெண்டு பேரும் வாயே திறக்கக் கூடாது. பேசினா மண்ணு வெடிக்கும். வெடிச்சா பலிக்காது."

குழைத்த களிமண்ணை அம்மாவின் நெற்றியில் தலைவலிக்காகவும், மனைவியின் கன்னத்தில் பருக்களுக்காகவும் அவனே பூசிவிட்டான்.

மாமியார் மருமகளை முறைத்தாள். மருமகளும் முறைத்தாள். சத்தம் மட்டும் இல்லை. அவன் டிவி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அம்மா வந்ததிலிருந்து வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

தினமும் சாயங்காலம் இதே வைத்தியம் தொடர்ந்தது.

ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்ததும் இருவரும் அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"மூஞ்சி எப்படிக் கறுத்துப் போச்சு பாரு!" என்று அம்மா வாயைச் சுற்றித் தடிமனாக மண்ணை அப்பினாள்.

மனைவி ஆரம்பித்தாள். "அத்தை, இனிமே நீங்க ஹால்ல படுக்க வேண்டாம். டிவி ரூமை எடுத்துக்கோங்க."

அவன் பதறி வாயைத் திறந்தான்.

"உஷ்! வெடிச்சா பலிக்காதுங்க."

வாயை மூடிக்கொண்டான். கண்ணெதிரே டிவி ஹாலுக்கு வந்தது. கட்டில் உள்ளே போனது.

"வாயே திறக்கலையே. அப்ப அவனுக்கும் சம்மதம்தான்" என்றாள் அம்மா.

மனைவி ஈரத்துணியால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீங்க தாராளமா பேசியிருக்கலாம். மண்ணு வாங்கப் போனப்ப கடைக்காரரைக் கேட்டோம். அப்படி ஒரு பத்தியமே கிடையாதாமே! வழியெல்லாம் நானும் அத்தையும் சிரிச்சுக்கிட்டே வந்தோம்."