முப்பதாம் நம்பர்

"அளவுகோலே உடைஞ்சு போச்சு, மேடம்," என்றாள் ஆய்வு மாணவி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேசையில் முப்பது பேர் நிரப்பிய படிவங்கள். ஒருவர் துக்கத்தை எவ்வளவு அசைபோடுகிறார் என்று அளக்க இருபது கேள்விகள்; 'ஒருபோதும் இல்லை' என்றால் ஒன்று, 'எப்பவும்' என்றால் நாலு, மொத்தம் எண்பது மதிப்பெண். பெயர் கிடையாது, நம்பர் மட்டும்; எழுதியதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறலாம். ஒரே ஆள் இரண்டு வாரம் கழித்து எழுதினால் மாறக் கூடாது. மாறினால் அளவுகோல் தப்பு, இரண்டு வருட உழைப்பும் பட்டமும் போச்சு.

"எல்லாருக்கும் பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு. முப்பதாம் நம்பர் போன தடவை எண்பதுக்கு எண்பது. இப்ப இருபத்தொண்ணு. அப்படி ஒரு அழுமூஞ்சி எப்படி மாறும்?"

"அழுமூஞ்சின்னெல்லாம் சொல்லாதே," என்றார் பேராசிரியர். சிரிக்கவே தெரியாதவர் என்று கல்லூரி முழுக்கப் பேர் வாங்கியவர். கடிகாரத்தைப் பார்த்தபடி கைப்பையை நகர்த்தினார். உள்ளே ஏதோ கடகடத்தது.

"முதல் தடவை எனக்குக் காய்ச்சல். நீங்கதானே பாத்துக்கிட்டீங்க. ஏதாவது நடந்துதா, மேடம்?"

"ஒண்ணும் நடக்கலை."

கதவைத் தட்டிவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்காரர் எட்டிப் பார்த்தார். "நாலாம் நம்பர்மா. காலையில எழுதறப்ப மூக்குக் கண்ணாடியை இங்கேயே விட்டுட்டேன். அது இல்லாம ஆள் அடையாளமே தெரியலை."

பேராசிரியர் வாயே திறக்காமல் கண்ணாடியை மாணவி பக்கம் தள்ளினார், சீக்கிரம் கொடுத்தனுப்பு என்பதுபோல. மாணவி அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஐயா, ரெண்டே வாரத்துல உங்க துக்கமெல்லாம் எங்க போச்சு?"

"அதுக்கெல்லாம் எங்கம்மா நேரம்? அன்னிக்கு எழுதறப்ப முப்பதாம் நம்பர் என் தாளை எட்டிப் பாத்து, 'உங்களுக்கும் எல்லாத்துக்கும் எப்பவும்தானா'ன்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு. அன்னிலேர்ந்து தினம் சாயங்காலம் அவங்க வீட்டு மொட்டை மாடியில எல்லாரும் கேரம் ஆடறோம்."

மாணவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அளவுகோல் உடையவே இல்லை. ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

"இதையே ஆய்வா எழுதிடறேன், மேடம். அந்த முப்பதாம் நம்பர் காலைத் தொட்டுக் கும்பிடணும். யாருங்க ஐயா அவங்க?" என்று கண்ணாடியை நீட்டினாள்.

தையல்காரர் அதை மாட்டிக்கொண்டு பேராசிரியர் பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "அட, நீங்க இங்கதான் இருக்கீங்களா, மேடம்? ஆறு மணிக்குக் காய் டப்பாவை மறக்காமக் கொண்டாந்துடுங்க. ஆனா நேத்து மாதிரி அழுகுணி ஆட்டம் ஆடக் கூடாது, சொல்லிட்டேன்."