ஏழாவது வாரப் பரீட்சை

சாப்பாட்டுக் கடைத் தூணுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒடுங்கி நின்றுகொண்டார் கமலநாதன். சாலைக்கு எதிர்ப்பக்கம், மினிமார்க்கெட்டின் கண்ணாடிக்குள் சிவப்புச் சட்டை போட்ட அந்தப் பெண் குனிந்தால் இவர் கழுத்தும் குனிந்தது. அவள் நகர்ந்தால் இவர் கண்ணும் நகர்ந்தது.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நானும் ஒரு வாரமா பாக்கிறேன். வயசுப் பிள்ளைய இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு பாக்கிறீங்களே, நல்லாவா லா இருக்கு?"

"என் மக, தம்பி," என்றார் கமலநாதன். கடைக்காரர் அசடு வழிந்துகொண்டே போய், கேட்காமலே ஒரு கிளாஸ் தே தாரிக் டீ கொண்டுவந்து வைத்தார்.

மகள்தான். லோஷினி, இருபத்து மூன்று வயது, டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவள். தாய் கஸ்தூரி இறந்து ஆறு வருடமாகிறது. தனக்குப் பிறகு இவளுக்கு யார் என்ற கேள்விதான் தினமும் விடியுமுன் கமலநாதனை எழுப்பிவிடுகிறது. சொந்தக் காலில் நிற்க ஒரு வேலை நிலைத்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடலாம்.

அதுதான் நிலைக்கவில்லை. மூவார் ஊருக்குள்ளேயே ஒரு ரொட்டிக் கடையில் நான்கு நாள், ஒரு சலவைக் கடையில் ஒரு வாரம். இரண்டு முதலாளிகளும் லோஷினியை விட்டுவிட்டு இவரைப் பார்த்து, "சாரி லா அங்கிள், இப்படி சரிப்பட்டு வராது," என்றார்கள். பிள்ளையின் கை மெதுவு, அதைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்று இவரே புரிந்துகொண்டு மகளை அழைத்து வந்துவிட்டார்.

பிறகுதான் ஃபரீஹா வந்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேலை தேடிக் கொடுத்து, அவர்கள் காலூன்றும் வரை கூடவே இருப்பது அவள் தொழில். முதல் சந்திப்பிலேயே அவள் கேட்ட கேள்வி இவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"லோஷினி வேலை செய்றப்போ நீங்க எங்க நிப்பீங்க அங்கிள்?"

"பக்கத்துலதான்மா. வேற எங்க நிக்கிறது?"

ஃபரீஹா அதையும் எழுதிக்கொண்டாள்.

இந்த மினிமார்க்கெட்டுக்கு வந்து ஏழு வாரம். முதலில் இவரையும் கடைக்குள் நிற்க விட்டார்கள். பிறகு வாசல், பிறகு கார் நிறுத்துமிடம், கடைசியில் சாலை தாண்டி இந்தத் தூண். கடையில் இடைஞ்சல், வாசலில் வெயில் என்று ஏதேதோ சொல்லி ஃபரீஹாதான் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து விட்டாள். இவருக்கு அதில் மனத்தாங்கல்தான், ஆனால் வேலை கொடுத்த புண்ணியவதியிடம் என்னவென்று சண்டை பிடிப்பது?

மூன்றரை மணிக்கு ஃபரீஹா கோப்பும் கையுமாக வந்து பக்கத்தில் நின்றாள்.

"இன்னிக்குத்தான் கடைசி நாள் அங்கிள். நாலு மணி வரைக்கும் பாத்துட்டு, பாஸா ஃபெயிலான்னு எழுதணும்."

"கொஞ்சம் பாத்து எழுதும்மா."

"பாக்கிறதத்தான் எழுதுவேன்," என்று சிரித்தாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சொல்லி வைத்த மாதிரி, லோஷினியின் கையிலிருந்து சோயா சாஸ் பாட்டில் நழுவியது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளின் பாஜு குரோங் உடை முழுக்கக் கறுப்பாகத் தெறித்தது. அந்த அம்மாள் கையை ஆட்டி ஆட்டிக் கத்துவது, சத்தம் இல்லாமல் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. லோஷினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

கமலநாதன் தூணை விட்டு முன்னால் வந்தார். காதைப் பொத்தினாள் என்றால் அடுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவாள், வீட்டில் அதுதான் வழக்கம். கீழே முழுக்க உடைந்த கண்ணாடி வேறு.

"அலமாக், போச்சு!" ஒரு செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் சாலையில் இறங்கிவிட்டார்.

ஃபரீஹா தடுக்கவில்லை. "போறதுன்னா போங்க அங்கிள், நான் பிடிச்சு வைக்க மாட்டேன்," என்றாள். பேனாவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டாள்.

அந்தப் பேனாவைப் பார்த்ததும் அவர் கால் நின்றது. இப்போது போய்ப் பிள்ளையைத் தாங்கினால் ஃபெயில் என்று எழுதிவிடுவாளே! திரும்பி வந்து தூணை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெற்ற பிள்ளை தவிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது என்ன கொடுமை! கண்ணில் நீர் முட்டி, எதிர்க்கடையே மங்கிப்போனது.

லோஷினி உட்காரவில்லை. காதிலிருந்து கையை எடுத்தாள், உள்ளே ஓடினாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தார். அவளோ மேற்பார்வையாளர் ஹாரூனைச் சட்டைக் கையோடு பிடித்து இழுத்து வந்தாள், மறுகையில் துடைப்பமும் முறமும் இருந்தன. ஹாரூன் அந்த அம்மாளைச் சமாதானப்படுத்த, இவள் ஒரு கண்ணாடித் துண்டிலும் விரல் படாமல் கூட்டி எடுத்தாள்.

நாலு மணி. ஃபரீஹா ஒரு வரி எழுதிக் கோப்பை மூடினாள்.

"பாஸ், அங்கிள். நாளையிலேருந்து நாம ரெண்டு பேருமே இங்க வர வேணாம்."

கமலநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். "பாட்டில ஒடச்சதும் உயிரே போயிருச்சும்மா. அதுக்காக ஃபெயில் போட்டுருவியோன்னு…"

ஃபரீஹா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வேலை முடிந்த லோஷினி, இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து வந்துவிட்டாள். அப்பாவைத் தாண்டி நேராகப் போய் ஃபரீஹாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், அப்பா பாஸ் ஆயிட்டாரா?"