ஒரு சொட்டும் கிடையாது

"ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது! சொல்லிட்டேன்!"

பாஸ்டர் லோகன் சிவப்புப் பேனாவை எடுத்து நாடகத்தின் கடைசிப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். மலேசியாவின் கிள்ளானில் இருந்த அவர்கள் சபையின் ஆண்டு விழாவுக்கு அவர் மனைவி மலர் எழுதிய நாடகம் அது. ஏழை லாசருவுக்கு ஒரு பருக்கைச் சோறு போடாத பணக்காரன் செத்து நரகத்தில் வேகிறான். தூரத்தில் சொர்க்கத்தில் தெரியும் முற்பிதா ஆபிரகாமிடம் ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கெஞ்சுகிறான். வேதத்தில் அவனுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. மலரின் நாடகத்தில் கிடைத்துவிட்டது.

"ஆபிரகாம் வேஷம் போடறது யாரு? நான். நானே தண்ணி குடுத்தா நாளைக்குச் சபையில என்ன பேசுவாங்க? நரகம் ஒரு நாள் முடிஞ்சிரும், பாஸ்டரே சொல்லிட்டாருன்னு பேசுவாங்க. நித்தியம்னா நித்தியம்தான், மலர்."

"சரிங்க," என்றாள் மலர்.

பத்தொன்பது வருட ஊழியத்தில் ஒரு வசனத்தைக்கூட நீர்த்துப்போக விட்டதில்லை என்பதில் லோகனுக்கு அப்படி ஒரு பெருமை. மற்ற சபைகளில் நரகத்தைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறார்கள். அவர் கூச்சப்பட்டதே இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதே மனிதர் போன வாரம் வீட்டுப் பொறியில் மாட்டிய எலியைக் கொல்ல மனசு வராமல், மூன்று தெரு தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார் என்பது வேறு விஷயம்.

பணக்காரன் வேடம் போடும் சபாபதி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான். தெலுக் பங்லிமா காராங்கில் லோரி ஓட்டுகிறவன். குடும்பத்திலேயே அவன் ஒருவன்தான் ஞானஸ்நானம் எடுத்தவன். கடைசி வரை மாரியம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த அவன் அப்பா போன வருடம் பந்திங்கில் காலமானார்.

"பாஸ்டர், எங்கப்பா..."

"மறுபடியுமா, பிரதர்?"

"அவரு யாருக்கும் கெட்டது செஞ்சதில்ல, பாஸ்டர். சரி, நரகத்துலதான் இருக்காருன்னா இருக்கட்டும். அந்த வேதனை என்னைக்காச்சும் ஒரு நாள் முடியுமா? அத மட்டும் சொல்லுங்க. நான் நிம்மதியா தூங்கிருவேன்."

ஒரு வருடமாக இதே கேள்விதான். லோகன் அசைந்து கொடுக்கவில்லை.

"முடியாது, பிரதர். உங்களைச் சமாதானப்படுத்த நான் பொய் சொல்ல மாட்டேன்."

சபாபதி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனான். மலர் நாடகத் தாள்களை அள்ளிக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணி. அன்றைய வெயிலில் நரகத்துக்கென்று தனியாக எதுவும் ஜோடித்திருக்கத் தேவையில்லை. சபைக் கட்டடத்துக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு லோங்காங். சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் இருக்கிற பெரும் பிளப்பாக அந்தச் சாக்கடையையே வைத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் நிழலில், பஞ்சுத் தாடியோடு நாற்காலியில் ஆபிரகாம். அந்தப் பக்கம் தகரப் பீப்பாய்களில் தீ, பக்கத்தில் சரிகை வேட்டியோடு சபாபதி. தீயைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். கூடாரத்தின் கீழே இருநூறு பேர்.

"ஆபிரகாமே! நாக்கு வறளுது! ஒரு சொட்டு!"

"முடியாது!" என்று கர்ஜித்தார் லோகன். என்ன குரல்! கடைசி வரிசை வரை நிமிர்ந்து உட்கார்ந்தது. அவருக்கு மார்பு விரிந்தது.

"விரல் நுனியில நனைச்சாவது..."

"முடியாது! இந்தப் பிளப்பை யாராலும் தாண்ட முடியாது!"

மூன்றாவது முறை சபாபதியின் குரல் கம்மிவிட்டது. "அப்பா..." என்றான். அது நாடக வசனத்தில் இல்லாத வார்த்தை. கண் செருகி, அப்படியே தரையில் சரிந்தான்.

எழுந்துவிடுவான் என்று லோகன் பார்த்தார். எழவில்லை. தீப் பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் நகரவில்லை.

"என்னய்யா மரமாட்டம் நிக்கிறீங்க? தூக்குங்க லா!"

அப்போதும் நகரவில்லை. அவ்வளவுதான். நாற்காலிக்கு அடியில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கிக்கொண்டு, அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டி, ஆபிரகாம் லோங்காங்கை ஒரே தாவலில் தாண்டினார். தாடி சாக்கடையில் விழுந்து மிதந்து போனது.

"டேய் சபாபதி! கண்ணத் தொறடா! குடி!"

வாயில் ஊற்றினார், தலையில் ஊற்றினார், தன் அங்கியாலேயே விசிறினார். சபாபதி மெல்லக் கண் திறந்தான்.

"பாஸ்டர், எங்கப்பாவுக்கும் யாராச்சும் இப்படி வருவாங்களா?"

இருநூறு பேரும் பாஸ்டரின் வாயையே பார்த்தார்கள். பத்தொன்பது வருடப் பிரசங்கத்தை அந்தக் காலிப் போத்தலோடு அவர் கீழே வைத்தார்.

"என்னாலயே பத்து நிமிஷம் பாத்துக்கிட்டு இருக்க முடியல," என்றார். "ஆண்டவரு என்ன, என்னைவிடக் கல்நெஞ்சுக்காரரா? வருவாரு, பிரதர். கண்டிப்பா வருவாரு."

கூடாரமே எழுந்து நின்று கைதட்டியது. லோகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மலரிடம் வந்தார்.

"உன் நாடகத்தைக் கெடுத்துட்டேன், மலர்."

மலரின் முகத்தில் அப்படி ஒரு பெருமை; கல்யாணத்தன்றுகூட அவர் அதைப் பார்த்ததில்லை. "ஒண்ணும் கெடல," என்று கடைசிப் பக்கத்தை நீட்டினாள்.

அவர் இழுத்த சிவப்புக் கோட்டுக்குக் கீழே, அதை இழுத்த நாளின் தேதியே போட்டு, அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது:

'இங்கே சபாபதி மயங்கி விழ வேண்டும். தண்ணீர்ப் போத்தல் ஆபிரகாமின் நாற்காலிக்கு அடியில் இருக்கட்டும். வேறு யாரும் ஓட வேண்டாம்; என் வீட்டுக்காரர் தாண்டி வந்துவிடுவார்.'