மூடியின் உட்பக்கம்

மிஸ்யூ பெனுவா ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு கைமணிக்கூட்டைக் குப்புறக் கவிழ்த்தார்.

பின்மூடியில் சின்னதாக ஒரு வானாய்வுக்கூடம், அதற்கு மேலே எட்டு நட்சத்திரங்கள். அறுபதுகளில் வந்த ஒமேகா.

இரண்டாயிரத்தேழாம் ஆண்டு, மாசி மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம். புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில், சாவி வெட்டுகிறவனுக்கும் பூக்கடைக்கும் நடுவே இருந்தது பெனுவாவின் மணிக்கூடு திருத்தும் கடை. புலம்பெயர்ந்து வந்த அன்ரன் பத்து வருடமாக இங்கே வருகிறார். அவர் மனைவி றோசலின் வந்தது இதுதான் முதல்தடவை.

அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவருடைய முழங்கையோடு ஒட்டி நின்றாள்.

அன்ரனிடம் இருபத்துமூன்று பழைய மணிக்கூடுகள் இருக்கின்றன. கிழமை முழுக்கக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற மனுஷன், ஞாயிறு பூசைக்குச் சுவிஸ் தங்கம் கட்டிக்கொண்டு வருகிறார் என்று கோயிலில் பகிடி உண்டு. அவர் சிரித்துவிட்டுச் சட்டைக்கையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிடுவார்.

றோசலின் மட்டும் அவற்றை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அந்தப் பெட்டி இருக்கும் அலமாரித் தட்டில் தூசுகூடத் துடைக்கமாட்டாள்.

அப்படிப்பட்டவள் போன கிழமை ஒரு தபால் பொதியை அவர் முன்னால் வைத்தாள். உள்ளே இந்த ஒமேகா. இணையத்தில் ஏலம் கேட்டு வாங்கினாளாம். கப்பலில் எஞ்சினியராக இருந்த ஒருவரின் மகன், இங்கிலாந்திலிருந்து விற்றது. அன்று இரவு அன்ரன் அதைக் கையில் கட்டிக்கொண்டே படுத்தார்.

வீட்டிலிருந்த மூடி கழற்றும் சாவியால் அதைத் திறக்க முடியவில்லை. இறுகிப்போய்க் கிடந்தது. பெனுவாவிடம் கொண்டுபோகப் போவதாகச் சொன்னபோது, தானும் வருவதாக றோசலின் சொன்னாள்.

இப்போது மூடி கழன்றது.

எந்த மணிக்கூடு வாங்கினாலும் உள்ளே திறந்து பார்ப்பது அன்ரனின் வழக்கம். எஞ்சினைப் பார்ப்பதாக எல்லாரிடமும் சொல்வார். உண்மையில் அவர் பார்ப்பது மூடியைத்தான். திருத்துகிறவர்கள் வேலை முடிந்ததும் மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் தங்கள் குறியைக் கீறி, தேதியும் போடுவார்கள்.

அவருடைய அண்ணன் செபமாலை திருகோணமலையில் மணிக்கூட்டுக் கடை வைத்திருந்தவன். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்காரரின் மணிக்கூடுகள் எத்தனையோ அவன் கையால் போயிருக்கின்றன. உலகத்தில் எங்கோ ஒரு மூடிக்குள் அண்ணனின் கீறல் இருக்கும் என்று அன்ரன் நம்பினார்.

இருபத்துமூன்று மூடிகளிலும் இல்லை.

பெனுவா மூடியை விளக்குக்குக் கீழே பிடித்துக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியைக் கழற்றி அன்ரனிடம் நீட்டி, இது உங்கள் ஊர் எழுத்தா என்று பிரெஞ்சில் கேட்டார்.

அன்ரன் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

‘செ’. கொம்பின் வால் கீழே இறங்கி, ஒரு சுழி சுழித்து மேலே ஏறியிருந்தது. பக்கத்தில் அரிசி முனை அளவில் ஒரு சிலுவை. உலகத்திலேயே ஒருவன்தான் அப்படி எழுதுவான்.

 மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

கீழே தேதி. 14-5-94.

மறுபடியும் பார்த்தார். நாலு. நாலேதான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் செபமாலையை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று ஏற்றியவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு வருடம் தேடிவிட்டு, உடல் இல்லாமலே பூசை வைத்தார்கள். கறுப்புத் துணி போர்த்திய வெறும் பெட்டிக்கு முன்னால் மெழுகுதிரி பிடித்து நின்றவர் அன்ரன். அண்ணன் இனி இல்லை என்று கிராம அலுவலரான விதானையாருக்கும் பங்குச் சுவாமிக்கும் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

அந்தப் பூசை முடிந்து மூன்று வருடத்துக்குப் பிறகு, எங்கேயோ ஒரு மேசையில் குனிந்து, கை நடுங்காமல் செபமாலை இதைக் கீறியிருக்கிறான்.

எந்த ஊரில்? இப்போதும் இருக்கிறானா? மூடியில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“உள்ளுக்கு என்ன இருக்குது?” என்று கேட்டாள் றோசலின்.

“ஒண்டும் இல்லை. பழைய கீறல்.”

அன்ரன் அவசரமாக மூடியைத் திருப்பிக் கொடுத்தார். உட்பக்கத்தை நன்றாக மினுக்கித் தர முடியுமா, அந்தக் கீறல் தெரியக்கூடாது என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டார். பெனுவா ஒருகணம் அவரையே பார்த்தார். அப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஆனாலும் தோளைக் குலுக்கிவிட்டு, மினுக்குகிற துணியை எடுத்தார்.

றோசலின் கையுறையைக் கழற்றினாள்.

மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, பெனுவாவின் விரல்களையும் துணியையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த மனுஷன் திகைத்துப்போனார்.

அவள் அன்ரனின் பக்கம் திரும்பவில்லை.

“அழிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. ஏலத்தில மூடியின்ர உட்பக்கப் படமும் போட்டிருந்தவங்கள். அதைப் பாத்துத்தான் வாங்கினனான், தம்பி.”

பதினைந்து வருடமாக அவள் வாயில் வராத சொல் அது.

அன்ரனோடு திருமணப் பதிவில் கையெழுத்து வைத்த நாள்வரை, அண்ணனின் மனைவியாக, றோசலின் அவரை அப்படித்தான் கூப்பிட்டு வந்தாள்.