பேர் வைக்காத மரம்

"புலிக்கும் மானுக்கும் எழுபத்திரண்டுல சட்டம் வந்தாச்சும்மா. மரத்துக்கு இன்னும் வரல. மரத்தைக் காப்பாத்தணும்னு கேட்டா கோர்ட்ல கேட்டுக்க மாட்டாங்க," என்றார் வக்கீல் ஆம்ப்ரோஸ்.

எதிரே உட்கார்ந்திருந்த ஜெயபாரதி அசரவில்லை. தி.நகரில் பெரிய ஜவுளிக்கடைக் குடும்பத்தின் இளைய மருமகள் அவள். சாந்தோமில் வீட்டோடு சேர்ந்திருந்த அவருடைய ஆபீசுக்கு இன்றுதான் முதன்முதலாக வந்திருக்கிறாள்.

"தென்காசிப் பக்கம் மலையில எங்களுக்குக் காடு இருக்கு சார். மொத்தத்தையும் அழிச்சு ரப்பர் போடப் போறாங்க. போன வருஷம் காலேஜ் புரொபசர் ஒருத்தர் வந்து பார்த்தாரு. ஓடைக்கரையில நிக்கிற பத்துப் பதினஞ்சு மரம் உலகத்துல வேற எங்கயும் இருக்கிறதாத் தெரியலையாம். அதுக்கு இன்னும் பேர்கூட வைக்கல. பேர் வைக்கிறதுக்குள்ள வெட்டிடுவாங்க சார்."

ஆம்ப்ரோஸ் சற்று யோசித்தார். "காட்டுல பங்கு இருக்கிறவங்க யாராவது ஆட்சேபிச்சா தடை வாங்க வழியிருக்கு. உங்களுக்குப் பங்கு இருக்கா?"

"இருக்கு. வீட்டுக்காரர் அவரு பங்குல பாதியை இந்தப் பொங்கலுக்குத்தான் என் பேருக்கு மாத்துனாரு."

வருமான வரிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். "யாரை எதிர்த்துப் போடணும்?"

"பெரிய அத்தான் அய்யாதுரையை. அப்புறம்..." சற்றே தயங்கினாள். "என் வீட்டுக்காரர் சண்முகவேலை."

ஆம்ப்ரோஸ் பேனாவை மூடி வைத்தார். புருஷன்மேல் வழக்குப் போட்ட பெண்களையும் அவர்கள் பட்ட பாட்டையும் அவர் நிறையப் பார்த்திருக்கிறார். மரத்துக்காகப் போட வந்தவளை இப்போதுதான் பார்க்கிறார்.

"சண்முகவேல், அண்ணன் அய்யாதுரை பேச்சைத் தட்டாதவர்னு கடைத்தெருவுக்கே தெரியும். நோட்டீஸ் போன அன்னிக்கே குடும்பம் ரெண்டாயிடும்மா."

"தெரியும் சார். பெரிய அத்தான் என் முகத்துல முழிக்க மாட்டாரு. அவரு சம்சாரம், பெரிய அக்கா, என்னை அடுப்படிக்குள்ள விடமாட்டாங்க. இருந்துட்டுப் போகட்டும்."

அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. குமாஸ்தாவிடம் விடாமல் மனுவைத் தானே எழுதி, வாசித்தும் காட்டினார். அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஆம்ப்ரோஸுக்குத்தான் மனசு கேட்கவில்லை. உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"வெரோனிகா, இவங்க கொஞ்ச நாள் நம்ம வீட்டுலயே தங்கட்டும். இதுக்கப்புறம் புருஷன்கூட எப்படி இருப்பாங்க?"

"வேண்டாம் சார்." ஜெயபாரதி முதன்முறையாகச் சிரித்தாள். "அவரு வெளியே கார்லதான் உட்கார்ந்திருக்காரு. தூக்கி வளர்த்த அண்ணனுக்கு முன்னால அவரால வாயைத் திறக்க முடியல, அதான் 'கோர்ட்ல எப்படியாவது எங்களைத் தோற்கடிச்சிடு'ன்னு சொல்லி என்னை இங்க கூட்டிட்டு வந்திருக்காரு."